அண்டர்கவர் நாயகனின் பொய் வெளிப்பட்ட பிறகு நாயகி அவனை ஏற்பது ஒட்டவில்லை, என்ன செய்யலாம்?

மைக்குப்பி:
ரொமான்டிக் சஸ்பென்ஸ் நாவல், 80,000 சொல், 32 அத்தியாயம். போலிப் பெயரில் கடத்தல் கும்பலுக்குள் நுழைந்த அதிகாரி நாயகன். கும்பலின் முகமூடி நிறுவனத்தில் கணக்கெழுதுபவள் நாயகி, குற்றம் எதுவும் தெரியாதவள். இருவர் பார்வையிலும் மாறி மாறிக் கதை போகிறது. 29இல் உண்மை உடைகிறது, 32இல் சேர்கிறார்கள். படித்தவர்கள் எல்லாருமே "அதற்குள் மன்னித்துவிட்டாளா?" என்கிறார்கள். உண்மையை முன்னால் கொண்டுவந்தால் சஸ்பென்ஸ் செத்துவிடாதா?

கரிக்கோல்:
சாகாது. அவன் யாரென்று வாசகருக்கு முதலிலேயே தெரியுமே! 19, 20க்கு இழுங்கள். அதன்பின் அவளும் கும்பல் முன்னால் எதுவும் தெரியாதவள் போல நடிக்கவேண்டும். நெஞ்சு படபடப்பது அங்கேதான்.

அதோடு ஒரு தாளை இரண்டாக மடித்து, அவன் அவளிடம் சொன்னதையெல்லாம் எழுதுங்கள். பொய் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். பெயர், வேலை, ஊர் இடப்பக்கம் இருக்கட்டும். பயம், துக்கம் பற்றிச் சொன்னது ஒன்றுகூட அங்கே போகக் கூடாது. இறந்துபோன தங்கை என்று ஒருத்தியைக் கற்பித்து அவளை அழவைத்திருந்தால் அவனைக் காப்பாற்ற முடியாது. உண்மை உடைந்ததும் அவள் "என்னைக் காதலித்தாயா?" என்று கேட்கவேண்டாம். "அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்குக் காய்ச்சல் என்று போனாயே, அது?" என்று கேட்கட்டும். ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அந்தத் தாளே காட்சியாகிவிடும்.

நிழல்நடை:
போலி அடையாளத்தையும் சரிபாருங்கள். அடிக்கடி காணாமல் போகவும், கணக்கில்லாத பணம் வைத்திருக்கவும் இடம்தரும் தொழிலாக இருக்கவேண்டும். எஃப்.பி.ஐ.யின் ஜோசப் பிஸ்டோன் 1976 முதல் 1981 வரை நியூயார்க் மாஃபியாவுக்குள் இருந்தது நகைத் திருடன் வேடத்தில். தனியாள் தொழில், அடிதடி தேவையில்லை. அதற்காக ரத்தினக் கற்களைப் பற்றி முறையாகவே படித்துக்கொண்டார். உங்கள் நாயகன் 'பெரிய தொழிலதிபர்' என்றால் அலுவலகம், ஊழியர், பழைய வாடிக்கையாளர் எல்லாம் காட்டவேண்டிவரும். ஹேண்ட்லரை, அதாவது வெளியிலிருந்து அவனை இயக்கும் அதிகாரியை, மறந்துவிடாதீர்கள். அவ்வப்போது அவரிடம் பேசி அறிக்கை தந்தாகவேண்டும். அவளைப் பற்றி அந்த அறிக்கையில் எழுதாமல் விட்ட நாளே அவன் காதலில் விழுந்த நாள்.

சொல்வேலி:
கரிக்கோல் சொன்னதில் பாதிதான் சரி. உண்மை தெரியுமுன் இருவரும் உடலால் சேர்கிறார்களா? சேர்ந்தால் எந்தத் தாளும் கைகொடுக்காது. லண்டன் போலீஸின் ரகசியப் பிரிவொன்று 1968 முதல் 2008 வரை போராட்டக் குழுக்களுக்குள் ஆள் அனுப்பியது. இறந்த குழந்தைகளின் பெயர்களைக்கூட எடுத்துக்கொண்டார்கள். பெண்களோடு வருடக்கணக்கில் உறவு வைத்தார்கள். ஏமாற்றப்பட்ட 7 பெண்களிடம் 2015இல் காவல்துறை மன்னிப்புக் கேட்டது, அது மனித உரிமை மீறல் என்றும் ஒப்புக்கொண்டது. அதை அறிந்த வாசகி படுக்கையறைக் காட்சியை இனிப்பாகப் படிக்கமாட்டாள். முத்தத்தோடு அவனே விலகட்டும், காரணம் சொல்லாமல். அந்த விலகல்தான் பிறகு அவனுக்கு ஒரே சாட்சி.

மைக்குப்பி:
சேர்கிறார்கள், 14இல். அதை 24க்குத் தள்ளிவிடலாம். ஆனால் 20இல் அவளுக்கு எப்படித் தெரியவரும்? இப்போது அவன் போனை எடுத்துப் பார்க்கிறாள்.

கரிக்கோல்:
போன் வேண்டாம், அலுத்துவிட்டது. வேலையில் இருக்கும் ஆள் அதைத் திறந்தும் வைக்கமாட்டான். அவள் கணக்கெழுதுபவள்தானே? அவன் பணம் கட்டிய தேதியையும், ஊரில் இல்லை என்று சொன்ன தேதியையும் அவளே ஒப்பிடட்டும்.

நிழல்நடை:
அப்படியானால் வழக்குக்கும் ஒரு விலை வையுங்கள். சாட்சியோடு அதிகாரிக்கு உறவு என்று தெரிந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார். 24க்குப் பிறகு அவன் மேலிடத்தில் சொல்லியாகவேண்டும், வழக்கிலிருந்து அவனைத் தூக்குவார்கள். கும்பலுக்குள் அவள் தனியாக மாட்டிக்கொள்வது அப்போதுதான்.