வரையும் தாள்மேலேயே புரொஜெக்ஷன்: கேமரா குழம்புகிறது, தாளத்துக்குக் கோடு பிந்துகிறது

மைக்கூடு:
மேசையில் வெள்ளைத் தாள், பிரஷ், மை. மேலே வெப்கேமரா. வரையும் கோட்டை ப்ராசஸிங் என்ற நிரல் மென்பொருளில் பிரித்தெடுத்து, மிருதங்கத்தின் ஒவ்வொரு அடிக்கும் அது அதிரும்படி அதே தாள்மேல் புரொஜெக்டரில் காட்டுகிறோம். இரண்டு தொல்லை. புரொஜெக்டர் போடும் கோட்டையும் கேமரா மைக்கோடாக எடுத்துக்கொள்வதால், சில நொடிகளில் தாள் முழுக்கக் கிறுக்கல். அடி விழுந்து கால் நொடி கழித்துத்தான் கோடு அசைகிறது. எங்கே சரிசெய்ய வேண்டும்?

கரிக்கட்டி:
முதல் தொல்லைக்கு மென்பொருளில் மருந்து தேடாதீர்கள். புரொஜெக்டர் வெளிச்சமே கேமராவுக்குத் தெரியக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்கு (ஐஆர்) மாறுங்கள்: ஐஆர் தடுப்பு ஃபில்டர் கழற்றிய கேமரா, லென்ஸ் முன்னால் ஐஆரை மட்டும் விடும் ஃபில்டர், சிசிடிவிக்கு விற்கும் 850 நானோமீட்டர் ஐஆர் விளக்கு இரண்டு. விளக்குகளை இரு பக்கமும் 45 டிகிரி சாய்த்து வையுங்கள். நேர் மேலிருந்து அடித்தால் ஈர மை பளபளத்து, கோட்டின் நடுவே ஓட்டை விழுந்ததுபோல் பதிவாகும்.

பலர் சறுக்குவது மையில்தான். ஃபவுண்டன் பேனா மை போன்ற சாய மைகள் ஐஆரில் பெரும்பாலும் மறைந்துவிடும், வெறும் தாள்தான் தெரியும். கார்பன் கலந்த இந்தியன் இங்க், பென்சில், கரி ஆகியவை கறுப்பாகவே நிற்கும். கை வெளுத்துத் தெரிவதால் கோட்டோடு குழம்பாது. மேடையில் ஹாலஜன் விளக்கு எரிந்தால் ஐஆர் வெள்ளமாகக் கொட்டும், எல்இடி கேளுங்கள்.

இன்னொன்று. இனி புரொஜெக்டர் புள்ளிகளைக் கேமரா பார்க்காது, ஆகவே தானாக இடம் பொருத்தும் முறை பலிக்காது. தாளின் நான்கு மூலையிலும் இந்தியன் இங்கில் புள்ளி வைத்து, புரொஜெக்டர் புள்ளிகளை மவுஸால் இழுத்து அவற்றின்மேல் உட்கார வையுங்கள்.

வலந்தலை:
தாமதம் பல இடங்களில் சேர்கிறது. புரொஜெக்டரில் கீஸ்டோனையும் (கோணலான படத்தை நேராக்கும் வசதி) பட மெருகூட்டல்களையும் அணைத்து, தாமதம் குறைக்கும் கேம் மோடில் போடுங்கள். கம்பியில்லா எச்டிஎம்ஐ வேண்டவே வேண்டாம். கேமரா வேலையைத் தனி த்ரெட்டில் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை) ஓட்டுங்கள், இல்லாவிட்டால் அது முடியும்வரை படம் காத்திருக்கும்.

ஒலியை ப்யூர் டேட்டா என்ற ஒலி மென்பொருளில் வாங்கி, மென்பொருள்கள் செய்தி பரிமாறும் ஓஎஸ்சி வழியாக ப்ராசஸிங்குக்கு அனுப்புங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் (ஒரு தடவைக்குச் சேர்த்து வாங்கும் ஒலித்துண்டு) என்றால் தாமதம் சுமார் 6 மில்லிசெகண்ட்தான். ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் எஃப்எஃப்டி கணக்கை 2048 சாம்பிளில் போட்டால் 46. அடியைக் கண்டுபிடிக்க எஃப்எஃப்டியே தேவையில்லை, ஒலியளவு சட்டென ஏறுவதைப் பார்த்தால் போதும். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்கும் இடப்பக்கமான தொப்பிக்கும் தனித்தனி மைக். ஒரு அடி பதிவானபின் 40 மில்லிசெகண்டுக்கு மென்பொருளின் காதை மூடுங்கள்: குறைத்தால் தொப்பியின் கார்வை (நீளும் ஒலி) இரட்டை அடியாகும், 100க்கு ஏற்றினால் வேகமான மேல்காலத்துச் சொற்கள் விழுங்கப்படும்.

மிக்சரிலிருந்து ப்ரீ-ஃபேடர் ஆக்ஸ் (ஃபேடர் என்ற ஒலியளவுக் கட்டைக்கு முன்பே பிரியும் தனி வெளியீடு) கேட்டு வாங்குங்கள். போஸ்ட்-ஃபேடர் கொடுத்தால், சவுண்ட்காரர் ஃபேடரை அசைக்கும்போதெல்லாம் உங்கள் அளவுகோல் கலைந்துவிடும்.

மைக்கூடு:
பென்சிலில் சோதித்தேன், கிறுக்கல் நின்றுவிட்டது. நன்றி. வாங்கி வைத்த சாய மைகள் வீணா?

கரிக்கட்டி:
இல்லவே இல்லை. அசைய வேண்டிய கோட்டுக்கு இந்தியன் இங்க், அசையாமல் நிற்க வேண்டிய மலைக்கும் மரத்துக்கும் சாய மை. ஒரே தாளில் இரண்டையும் வரையலாம்.