இமையில் ரத்தநாளக் கட்டி: நான்கு மாதக் குழந்தையின் பார்வையை எப்படிச் சோதிப்பார்கள்?

கேள்வி:
என் மகளுக்கு மூன்றாம் வாரத்தில் வலது மேலிமையில் கடுகளவில் தெரிந்த சிவப்புப் புள்ளி, இந்த நான்காம் மாதத்தில் புளியங்கொட்டை அளவுக்கு வீங்கியிருக்கிறது. ஹீமாஞ்சியோமா (ரத்தநாளக் கட்டி) என்றும், தானாகச் சுருங்கிவிடும் என்றாலும் பார்வையைச் சோதித்துவிட வேண்டும் என்றும் தோல் மருத்துவர் கூறினார். கருவிழி மறையவில்லை, கிலுகிலுப்பையை ஆட்டினால் திரும்பிப் பார்க்கிறாள். பேசத் தெரியாத குழந்தையின் பார்வையை எப்படி அளப்பார்கள்? ஓராண்டு பொறுத்துப் பார்க்கலாமா?

பதில் 1 (ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வை பரிசோதகர்):
கிலுகிலுப்பைக்குத் திரும்புவது காதாலா கண்ணாலா என்று சொல்ல முடியாது. அதனால்தான் நாங்கள் ஓசையில்லாத பொம்மையை, ஒரு கண்ணை மூடிவிட்டுக் காட்டுகிறோம். நல்ல கண்ணை மூடும்போது மட்டும் குழந்தை சிணுங்கிக் கையைத் தட்டிவிட்டால் மற்றக் கண் மங்கலாக இருக்கலாம். டெல்லர் அட்டை என்பது சாம்பல் நிற அட்டை. அதன் ஒரு பாதியில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் இருக்கும். குழந்தை கோடுகளின் பக்கம் பார்க்கிறதா என்பதை நடுத்துளை வழியாகக் கவனித்து, படிப்படியாக மெல்லிய கோடுகளுக்குப் போவோம்.

ஆயினும் அட்டையில் நல்ல முடிவு வந்தாலும் சோம்பேறிக் கண் (மூளை ஒரு கண்ணை ஒதுக்குவதால் அதன் பார்வை வளராமல் போவது) இல்லை என்று உறுதியாகிவிடாது. கட்டி விழிவெண்படலத்தை (கார்னியா, கண்ணின் முன்புறத்து ஒளி ஊடுருவும் படலம்) அழுத்தி அதன் வளைவை மாற்றினால் ஆஸ்டிக்மாட்டிசம் என்னும் பார்வை மங்கல் உண்டாகும். கருவிழி மறையாவிட்டாலும் மூளை அந்த மங்கலான கண்ணை ஒதுக்கத் தொடங்கிவிடும். ஆகவே சொட்டு மருந்திட்டு, கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவரை அளக்கும் ரெட்டினாஸ்கோப்பால் இரு கண்களின் பவரையும் ஒப்பிடுவதே எனக்கு முக்கியமான சோதனை. கட்டி வேகமாக வளர்வது முதல் ஐந்து மாதங்களில். சுருங்கவோ பல ஆண்டுகளாகும். தயவுசெய்து காத்திருக்க வேண்டாம்.

பதில் 2 (ஒரு தந்தை):
எங்கள் மகனை முதல் முறை தூக்க நேரத்தில் கொண்டுபோய், அழுகை ஓயாமல் திரும்பி வந்தோம். பால் குடித்து விழித்திருக்கும் வேளையில் நேரம் கேளுங்கள். கட்டியைச் சுருக்கும் ப்ரோப்ரனலால் மருந்து கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை குறையக்கூடும் என்பதால் பாலூட்டாமல் ஒருவேளைகூடக் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். கட்டி சுருங்கிய பிறகும் கண்ணாடியும், நல்ல கண்ணுக்கு ஒட்டும் பட்டையும் தொடர்ந்தன.

பதில் 3:
பிறவியிலேயே இமையில் தட்டையாக இருக்கும் திராட்சை நிறத் தோல் கறை வேறு வகை. அதில் கண்ணழுத்தத்தையும் அளந்து கிளாக்கோமா (கண்ணழுத்த நோய்) உண்டா என்று பார்க்க வேண்டும்.

கேட்டவர்:
நேற்று இடக் கண்ணை உள்ளங்கையால் மறைத்துச் சிவப்புப் பந்தைக் காட்டினேன், கையைத் தள்ளிவிட்டாள். வலக் கண்ணை மறைத்தபோது பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக் காலையே போகிறோம்.