2021 டீசல் பிக்கப்: டிபிஎஃப் விளக்கு அணைவதே இல்லை. வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா?

கோபி_பால்வண்டி:
கோபிசெட்டிபாளையம் பக்கம் பால் எடுக்கும் வண்டி ஓட்டுகிறேன். 2021இல் புதிதாக எடுத்த டீசல் பிக்கப், பி.எஸ்.6 (2020 ஏப்ரலில் வந்த மாசு விதி), புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் ஊற்றும் வகை. 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வாரண்டி முடிந்துவிட்டது, கடன் முடியவில்லை. மாதம் 16,400 ரூபாய் வீதம் இன்னும் 11 தவணை இருக்கிறது.

எட்டு மாதமாக டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு எரிகிறது. சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை கணினியை மாட்டி ரீஜென் செய்தார்கள், அதாவது அதில் சேர்ந்த கரியை எரித்தார்கள். புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார் என்று 24,000 ரூபாய் வாங்கினார்கள். போன வாரம் ஏற்றத்தில் இழுவை சுத்தமாகப் போய்விட்டது. கேன்களை வேறு வண்டிக்கு மாற்றிக் குளிரூட்டு நிலையம் சேர்வதற்குள் மூன்று கேன் பால் திரிந்துவிட்டது. இப்போது டிபிஎஃப் மொத்தமாக மாற்ற வேண்டும், 85,000 ஆகும் என்கிறார்கள். பக்கத்து ஊர்ப் பட்டறையில் 18,000 கொடுத்தால் அதை வெட்டி எடுத்து, மென்பொருளையும் மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். மச்சானோ வண்டியை விற்றுவிட்டு, அவர் பார்த்துவைத்திருக்கும், பழைய மாசு விதிப்படி வந்த 2018 பி.எஸ்.4 வண்டியை எடு என்கிறார். மூன்றில் எது சரி?

ஸ்டீயரிங்40:
தம்பி, மச்சான் சொல்வதைக் கேளுங்கள். நான் வண்டி ஓட்டப் பழகிய காலத்தில் டீசல் வண்டிக்குத் தேவை மூன்றுதான்: டீசல், காற்று, ஆயில். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிக்குள் எஞ்சினை விடச் சைலன்சர்தான் விலை அதிகம். புகைக்குழாய்க்கு வைத்தியம் பார்ப்பதற்காகவா கடன் கட்டுகிறீர்கள்? விளக்கு அணைந்திருக்கும் ஒரு நல்ல நாளில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். சரி, அந்த 2018 வண்டி எந்த ஊரில் நிற்கிறது?

கருங்கல்_லோடு:
விற்கவும் வேண்டாம், 85,000 கொட்டவும் வேண்டாம். வெட்டி எடுத்துவிடுங்கள். நான் எடுத்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. இழுவை திரும்பிவிட்டது, மைலேஜ் ஒரு கி.மீ. கூடியிருக்கிறது. புகைச் சான்றிதழ் எடுக்கும் இடத்தில் குழாயில் கருவியைச் செருகிப் புகையின் அடர்த்தியை மட்டும்தான் பார்க்கிறார்கள். நாக்ஸை அங்கே யாரும் அளப்பதில்லை. குவாரிப் பக்கம் வந்து பாருங்கள், பாதி வண்டி இப்படித்தான் ஓடுகிறது.

பவானி_பட்டறை:
கோபி அண்ணா, எதையும் செய்வதற்கு முன் நான்கு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ஒரு நடைக்கு எத்தனை கி.மீ., எத்தனை நிறுத்தம்? நிற்கும்போது எஞ்சினை அணைக்கிறீர்களா? என்ன ஆயில் ஊற்றுகிறீர்கள்? ஆயில் அளவு பார்க்கும் குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைகிறதா, ஏறுகிறதா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. டிபிஎஃப் என்பது குப்பைக் கூடை. கூடை நிறைந்துவிட்டது என்று கூடையை மாற்றச் சொல்கிறார்கள். குப்பை எங்கிருந்து வருகிறது என்று எவரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

கோபி_பால்வண்டி:
காலையும் மாலையும் ஒவ்வொரு நடை. நடைக்கு 30 கி.மீ. இருக்கும், 14 நிறுத்தம். ஒவ்வோர் இடத்திலும் நான்கைந்து நிமிடம் நிற்கும், எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆயில் உள்ளூர்க் கடையில் வாங்குவது, டப்பாவில் தரம் சி.ஐ.4 என்று போட்டிருக்கிறது. குச்சியில் ஆயில் ஏறுகிறது. குறையவில்லையே, நல்லதுதான் என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், திட்டாதீர்கள். போன மழைக்காலத்தில் ஒரு முறை யூரியா கேன் கிடைக்காமல், தோட்டத்து மூட்டையிலிருந்து யூரியாவைக் கரைத்து ஊற்றிவிட்டேன். ஒரே ஒரு முறைதான்.

பவானி_பட்டறை:
திட்டாமல் எப்படி இருப்பது? தோட்டத்து யூரியாவில் 2015 முதல் வேப்பெண்ணெய் பூசித்தான் மூட்டை கட்டுகிறார்கள். கத்தரிச் செடிக்கு அது நல்லது, யூரியா தெளிக்கும் ஊசித்துளை அளவு நாசிலுக்கு அது எமன். வண்டிக்கு ஊற்றுவது 32.5 சதவீதக் கரைசல், தாது நீக்கிய தண்ணீரில் கலந்தது. நம் ஊர் போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு உள்ளே போனால், யூரியாவை வைத்துப் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். நல்ல திரவத்தைக்கூடத் தகரக் கொட்டகையில் போட்டுவைக்காதீர்கள். 35 டிகிரி வெயிலில் அதன் ஆயுள் ஆறு மாதம்தான். உங்கள் நாக்ஸ் சென்சார் 24,000 எங்கே போனது என்று இப்போது எனக்குப் புரிகிறது.

டிபிஎஃப் கதை வேறு. உள்ளே சேரும் கரியை எரிக்க 600 டிகிரி வரை சூடு வேண்டும். அதற்காக எஞ்சின் தானே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளிக்கும். நிறுத்தாமல் 15, 20 நிமிடம் ஓடினால் கரி எரிந்துவிடும். நீங்களோ இரண்டு கி.மீ.க்கு ஒரு முறை நிற்கிறீர்கள். ஆரம்பித்த ரீஜென் பாதியில் அறுந்துபோகிறது. தெளித்த டீசல் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்குகிறது. குச்சியில் ஏறுவது ஆயில் அல்ல அண்ணா, டீசல். அந்த நீர்த்துப்போன ஆயில்தான், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் உங்கள் டர்போவுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. விளக்கு எரிவதை விட எனக்குக் கவலை அதுதான்.

ஆயிலும் தப்பு. டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைவான சி.கே.4 மாதிரி ஆயில் வேண்டும். கரியை எரிக்கலாம், ஆயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது. கழற்றித்தான் ஊத வேண்டும். 85,000 கொடுப்பதற்கு முன் டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டர்கூலர் குழாய், புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு, டிபிஎஃப் அழுத்த சென்சாருக்குப் போகும் இரண்டு சிறு குழாய்கள், இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். காற்றுக் குழாயில் ஒரு கிழிசல் இருந்தாலே கரி அதிகமாகும். அதைப் பார்க்காமல் புதிய டிபிஎஃப் போட்டால் ஆறு மாதத்தில் அதுவும் அடைக்கும்.

ஸ்டீயரிங்40:
இதைத்தான் நானும் சொல்கிறேன். என்ன ஆயில், எத்தனை நிமிடம் நின்றாய், எந்தத் தண்ணீர், எந்தக் கொட்டகை என்று கேட்கும் வண்டி வண்டியா, சம்பந்தி வீட்டு மாப்பிள்ளையா? விடியற்காலை நான்கு மணிக்குப் பால் எடுப்பவன், ரீஜென் முடியட்டும் என்று ஊரைச் சுற்றிக்கொண்டிருக்க முடியுமா? பட்டறைக்காரர் கெட்டிக்காரர், மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு கெட்டிக்காரர் பக்கத்தில் இருந்தால்தான் ஓடும் என்றால், அது வண்டியின் குறை.

மூன்று_வண்டி_அக்கா:
பெரியவர் சொல்வதில் பாதி உண்மை. என்னிடம் இதே ரகத்தில் இரண்டு டீசல் வண்டிகள் இருந்தன, ஒரே மாதத்தில் வாங்கியவை. ஒன்று ஈரோட்டிலிருந்து கோயம்பேட்டுக்குக் காய்கறி போகிறது. 1,80,000 கி.மீ. தாண்டியும் இன்றுவரை டிபிஎஃப் விளக்கு எரிந்ததில்லை. இன்னொன்றை ஊருக்குள் தண்ணீர் கேன் போடவிட்டேன், 40,000 கி.மீ.யில் படுத்துவிட்டது. வண்டி ஒன்றுதான், ஓடிய தெருதான் வேறு.

எனக்குக் கோபம் விற்றவர்கள் மேல்தான். இருக்கை உறை என்ன நிறம் வேண்டும் என்று மூன்று முறை கேட்டவர்கள், எந்தத் தடத்தில் ஓட்டப்போகிறீர்கள் என்று ஒரு முறை கேட்கவில்லை. தண்ணீர் கேனுக்கு இப்போது சி.என்.ஜி. வண்டி வைத்திருக்கிறேன். அதிலும் குறை இருக்கிறது. பாரம் ஏற்றி மேட்டில் போனால் முனகும், நிரப்புவதற்கு வரிசையில் நிற்க வேண்டும். டிபிஎஃப் இல்லை என்பது பெரிய நிம்மதி. கோபித் தம்பி, நீண்ட தடம் ஓட்டும் யாருடனாவது வண்டியை மாற்றிக்கொள்ள முடியுமா பாருங்கள்.

கூட்டிக்கழி:
எல்லோரும் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள், தாளில் எழுதிப் பாருங்கள். 11 தவணை என்றால் 1,80,400 ரூபாய். கோபி, விளக்கு எரியும் வண்டிக்கு எவ்வளவு கேட்கிறார்கள்? 2018 வண்டி என்ன விலை?

கோபி_பால்வண்டி:
என் வண்டியை 3,90,000க்குக் கேட்டார்கள். அந்த பி.எஸ்.4 வண்டிக்கு 4,25,000 சொல்கிறார்கள். தாராபுரத்தில் நிற்கிறது.

கூட்டிக்கழி:
அப்படியென்றால் கடனை அடைத்தபின் கையில் நிற்பது 2,10,000 அல்லது கொஞ்சம் கூட. பழைய வண்டிக்கு இன்னும் 2,15,000 கடன் வாங்க வேண்டும். பழைய வண்டிக் கடனுக்கு வட்டி எப்போதும் கூடுதல். அதோடு எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) ஆண்டுக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் பெயின்ட், டயர், பிரேக் என்று ஒரு செலவு. 11 மாதத்தில் முடிய வேண்டிய கடனை மூன்று ஆண்டுக்கு நீட்டி, ஏழு வயது வண்டியை வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள். 85,000 முழுதாகக் கொடுத்தாலும் இதைவிட மலிவு. நான் மெக்கானிக் இல்லை, எனக்கு யூரியாவும் தெரியாது, உப்பும் தெரியாது. கணக்கு இதுதான்.

ஸ்டீயரிங்40:
கணக்கில் திரிந்த பாலைச் சேர்த்தீர்களா? அடுத்த மாதமும் மூன்று கேன் திரிந்தால் பால்காரர்கள் வேறு வண்டிக்குப் போய்விடுவார்கள். அதற்கு எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

கூட்டிக்கழி:
நியாயமான அடி. சேர்க்கவில்லை.

கருங்கல்_லோடு:
18,000இல் முடிகிற வேலைக்கு இவ்வளவு பட்டிமன்றமா?

பவானி_பட்டறை:
18,000இல் முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில், அனுமதியில்லாமல் வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மாசுக்கு 190ஆவது பிரிவு தனி. அதில் 10,000 வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, உரிமமும் மூன்று மாதம் போகும். வண்டி உங்கள் பெயரில், வெட்டியவர் பெயரில் இல்லை. என்னிடமும் மாதம் நான்கு பேர் வெட்டச் சொல்லிக் கேட்டு வருகிறார்கள், அனுப்பிவிடுகிறேன். நாளை விற்கும்போது, வாங்குகிறவர் ஸ்கேனர் மாட்டினால் விலை எங்கே போகும் என்றும் யோசியுங்கள்.

கருங்கல்_லோடு:
சட்டம் தெரியும். ஒன்றரை ஆண்டாக என்னை யார் பிடித்தார்கள்? பழைய அரசு பஸ் விடும் புகையை விடவா என் பிக்கப் விட்டுவிடப் போகிறது?

மூன்று_வண்டி_அக்கா:
பிடிக்காததால் சரியாகிவிடுமா அண்ணா? உங்கள் குவாரியில் லோடு ஏற்றும் ஆட்கள் வண்டிக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள். டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. கோபித் தம்பியின் வண்டி நிற்பது 14 ஊரின் பால் சொசைட்டி வாசலில். அங்கே சொம்போடு நிற்பவர்களில் பாதிப் பேர் பெண்களும் குழந்தைகளும். பஸ்ஸைக் காட்டி நம் வண்டிக்கு நியாயம் சொல்ல முடியாது.

கருங்கல்_லோடு:
தூசியிலேயே நிற்கிறவர்களுக்குப் புகை எம்மாத்திரம் என்று எழுத வந்தேன், எழுதவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்தச் சாமானை 85,000க்கு விற்பவர்கள் 30,000க்கு விற்றிருந்தால் நான் வெட்டியிருப்பேனா? சுத்தக் காற்று எல்லோருக்கும், செலவு மட்டும் பிக்கப்காரனுக்கு.

பவானி_பட்டறை:
அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நானும் அதே விலைக்குத்தான் வாங்கிப் போடுகிறேன்.

கோபி_பால்வண்டி:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். பவானிக்குக் கொண்டுபோனேன். இன்டர்கூலர் குழாயில் கிளிப்புக்கு அடியில் இரண்டு அங்குலக் கிழிசல். மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது, கையை விட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. குழாய் 2,300, ஆயிலும் ஃபில்ட்டரும் 4,600, டிபிஎஃப் கழற்றிச் சுத்தம் செய்ய 9,000. யூரியாத் தொட்டியைக் கழுவி நாசிலைச் சுரண்டியதற்கு அவர் காசு வாங்கவில்லை, பாட்டு மட்டும் பாடினார்.

முன்பு 90 கி.மீ.க்கு ஒரு முறை ரீஜென் ஆரம்பித்தது, இப்போது 300 தாண்டுகிறது. குச்சியில் ஆயில் ஏறவில்லை. நிறுத்தத்தில் எஞ்சினை அணைக்கப் பழகிக்கொண்டேன். வாரம் ஒரு நாள் கேன்களை இறக்கிவிட்டு, காலி வண்டியைச் சத்தியமங்கலம் வரை ஒரே ஓட்டமாக விரட்டித் திரும்புகிறேன். யூரியா விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிகிறது. வினையூக்கி பிழைக்குமா என்று ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கிறார். கடன் முடியும்வரை வைத்துக்கொள்கிறேன். அடுத்த வண்டி இதே தடத்துக்கு டீசல் இல்லை, அதில் அக்கா கட்சி.

ஸ்டீயரிங்40:
சத்தியமங்கலம் போய்வரும் டீசலைக் கணக்கில் எழுதினீர்களா?

கோபி_பால்வண்டி:
எழுதினேன் ஐயா, வாரம் நான்கு லிட்டர். மச்சானுக்குத்தான் வருத்தம். அந்த 2018 வண்டியை வேறு யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

ஸ்டீயரிங்40:
என் மருமகன்தான் எடுத்தான். நான்கு லட்சத்துக்கு முடித்தேன். பின் டயர் இரண்டும் மாற்ற வேண்டும்.