சிவப்பு டப்பா, பச்சை டப்பா

என் தம்பிக்கு 24 வயது. டவுன் சின்ட்ரோம், பிறவியிலேயே கற்பது மெதுவாக இருக்கும் நிலை. ஆறு வருடம் ஒரு பயிற்சி மையத்தில் காகித உறை, மெழுகுவர்த்தி எல்லாம் செய்தான். விற்றது அம்மா, காசு எண்ணியது நான். விற்கவும் அவனுக்கு வரும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அந்த வருடங்களை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

போன வருடம் மதுரை வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் சாயங்காலம் வறுகடலை போட ஆரம்பித்தோம். ஒரே பொருள், ஒரே விலை, பொட்டலம் 10 ரூபாய். தராசு வேண்டாம், தலை தட்டி ஒரு டம்ளர். மூன்று வேலையை வரிசையாக வாயால் சொன்னால் அவனுக்கு நிற்காது, கண்ணால் பார்த்தது நிற்கும். அதனால் சில்லறைக்கு ஓர் அட்டை செய்தோம். பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும் 20 ரூபாய்த் தாளுக்கு எதிரே பழுப்பு நிறப் 10 ரூபாய்த் தாள் ஒன்று, நீல 50-க்கு எதிரே நான்கு. அதற்கு மேல் நீட்டினால் "சில்லறை கொண்டாங்க" என்பான். போணிக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் பக்கத்துப் பூக்கார அக்காவைப் பார்த்து அவனாகவே கற்றுக்கொண்டான்.

சின்னப் பிள்ளைகள் கேட்டால் மட்டும் சும்மா கொடுத்துவிடுவான். திட்டவில்லை. வீட்டில் இரண்டு டப்பா வைத்தோம். சிவப்பில் நாளைக்குக் கடலை வாங்க வேண்டிய முதல் பணம். அதற்கு மேல் மிஞ்சுவது பச்சையில், அது அவனுடைய லாபம். சும்மா கொடுத்ததில் ஒருநாள் சிவப்பில் பணம் குறைந்தது. இருந்த காசுக்குத்தான் கடலை வாங்கினோம், ஏழு மணிக்கே கூடை காலி. வந்தவர்களைத் திருப்பி அனுப்பும்போது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கும்தான். நான் கைக்காசு போட்டு நிரப்பவில்லை. இப்போது ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம்தான் சும்மா கொடுக்கிறான். யாருக்கு என்பது அவன் முடிவு.

அப்புறம் வங்கிக் கணக்கு. ஒரு கிளையில் அவன் பக்கம் திரும்பாமல் என்னிடமே பேசினார்கள். பாதுகாவலர் சான்று கேட்டார்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன்படி ஆட்சியர் தலைமையிலான குழு அதைத் தரும், விண்ணப்பித்திருக்கிறோம். அதுவரை போனில் வரும் பணத்தை அன்றிரவே தாளாக அவன் கையில் கொடுக்கிறேன்.

தை தெப்பத் திருவிழாவுக்கு இரண்டு மடங்கு கடலை கேட்டான். பயமாக இருந்தாலும் சரி என்றேன். 40 பொட்டலம் மிஞ்சியது. மறுநாள் சிவப்பு டப்பாவைத் திறந்து எண்ணிவிட்டு, "அக்கா, இன்னைக்கு அரைக் கிலோ போதும்" என்றான்.

இதைப் படித்துவிட்டு மேலூரிலிருந்து ஓர் அம்மா எழுதியது:

தம்பிக்கு என் வாழ்த்துகள் அம்மா. என் மகளுக்கும் இதே நிலைதான், வயது 19. எல்லாரும் பூக்கட்டப் பழக்குங்கள் என்றார்கள். விரல் தசை தளர்வு, முடிச்சு நழுவுகிறது, இரண்டு வருடம் அவளும் நானும் அழுததுதான் மிச்சம். இப்போது எங்கள் பெட்டிக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். பேச்சு தெளிவாக வராது என்று ஆட்கள் என்னிடமே விலை கேட்பார்கள். "அவகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விடுகிறேன். அந்தச் சில்லறை அட்டையை இன்றைக்கே எழுதப்போகிறேன். எங்களிடம் பொருளுக்கொரு விலை, அதனால் முதலில் 5 ரூபாய் மிட்டாய்க்கு மட்டும்.