உருளையில் ஒய் வைரஸ்: நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள்

ஐடஹோ ஆய்வு மாணவன்: ஒய் வைரஸ் என்பது அசுவினி (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) பரப்பும் உருளைக்கிழங்கு நோய்க்கிருமி; ‘ஓ’, ‘என்’ என்று அதில் வகைகள் உண்டு. நான் பார்த்தது அமெரிக்காவின் ஐடஹோவில், விதைக் கிழங்குக்கான வயல். இலையை வெளிச்சத்தில் பிடித்தால்தான் லேசான தேமல் தெரியும். கிடங்கிலிருந்து எடுத்தபோதோ கிழங்கின் தோலெங்கும் பழுப்பு வளையங்கள், சில இடங்களில் தோல் அமுங்கி வெடித்திருந்தது. எலிசா சோதனை (வைரஸின் புரத உறையை வைத்து வகையறிவது) ‘என்’ வகை என்றதோடு நின்றுவிட்டது. முழு மரபணு வரிசையையும் திரையில் விரித்த நிமிடம்தான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மொத்தம் ஏறத்தாழ 9,700 எழுத்துகள். சுமார் 2,400 வரை ‘என்’, அங்கிருந்து ‘ஓ’, 5,800ஐ ஒட்டி மறுபடி ‘என்’, வால்பகுதியில் திரும்பவும் ‘ஓ’. ஒரே செடியில் இரண்டு வகையும் சேர்ந்து குடியிருந்த காலத்தில் ஒட்டுப்போட்டுப் பிறந்த ‘என்டிஎன்’ என்ற கலப்பு வகை!

மலைத்தோட்டக்காரன்: ஊட்டிப் பக்கம் நாங்கள் தேமல் செடியைக் கண்டதும் பிடுங்கிவிடுவோம். போன போகத்தில் என் வயலைப் பார்த்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். அதில் எடுத்த விதையை நட்டால் பாத்திக்குப் பாத்தி சுருண்ட இலை. கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் பிடுங்கி, தெரியாமல் ஒளிந்திருந்ததை மட்டும் விதைக்கு விட்டிருக்கிறோம். பக்கத்து வயல்காரர் வாராவாரம் பூச்சிமருந்தடித்தும் இதே கதிதான்.

வேளாண் பட்டதாரி: மருந்தடித்தும் பயனில்லை என்று வியப்பதில் என்ன இருக்கிறது? அசுவினி தன் ஊசி போன்ற வாயைச் செடியில் வைத்துப் பார்க்கும் சில நொடிகளிலேயே வைரஸ் ஏறிவிடுகிறது. மருந்து வேலை செய்து அது சாவதற்குள் காரியம் முடிந்துவிடும். கனிம எண்ணெய் தெளியுங்கள், அது தொற்றுவதையே குறைக்கும். வயலைச் சுற்றி வேறு பயிர் நடுங்கள்; வரும் அசுவினி வாயில் ஒட்டிய வைரஸை முதலில் அங்கே துடைத்துக்கொள்ளும். அசுவினி பெருகுவதற்குள் தழையை அறுத்துவிடுங்கள். அறுவடையான கிழங்கில் கொஞ்சம் முளைக்கவிட்டுச் சோதியுங்கள். ரகம் வாங்கும்போது ‘எதிர்ப்புத்திறன் உண்டு’ என்றால் எந்த மரபணு என்று கேளுங்கள். ‘என்ஒய்’ மரபணுக்கள் குறிப்பிட்ட வகைகளைத்தான் தடுக்கும். ‘ஆர்ஒய்’ எல்லா வகைகளையும் தடுக்கக்கூடியது. எனக்கு அனுபவமா? கல்லூரியில் புகையிலைச் செடியில் தேய்த்துப் பார்த்தேன், நரம்பு கருகியது. அவ்வளவுதான்.

மலைத்தோட்டக்காரன்: நான் யோசனை கேட்கவில்லை ஐயா. மரபணுவின் பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் விதை வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்ப்பார். எண்ணெய் விவரம் மட்டும் சொல்லுங்கள்: இங்கே அடிக்கிற மழையில் அது இலையில் நிற்குமா?