உதவி தேவை: விண்டோஸ் சின்னத்தோடு கறுத்துப்போகும் மடிக்கணினி, கிராபிக்ஸ் சிப்பை மீண்டும் சூடாக்கலாமா?

மாங்குளம் ஆசிரியை:
வணக்கம். நான் மாங்குளத்திற்கு அருகில் கணிதம் கற்பிக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாகப் பாவிக்கும் என் மடிக்கணினியில், ஆடி மாதக் கச்சான் காற்று வீசிய நாட்களில், வடிவகணித வரைபுகளைத் திறக்கும்போதெல்லாம் பச்சையும் ஊதாவுமாகச் சிறு சதுரங்கள் தோன்றின. திரையில் படங்களை வரையும் கிராபிக்ஸ் சிப் பழுது என்று சொன்ன ஒரு கடையில் அதற்குச் சூடான காற்று அடித்துத் தந்தார்கள். ஐந்து கிழமை ஒழுங்காக வேலை செய்தது. இப்போது விண்டோஸ் சின்னம் தோன்றியதும் திரை கறுத்து, கணினி தானாகவே மீண்டும் தொடங்குகிறது. விண்டோஸைப் புதிதாகப் போட்டும் மாற்றமில்லை. மறுபடி சூடாக்கலாம் என்கிறார்கள். மூன்றாம் தவணை வினாத்தாள்கள் டி பகுதியில் இருக்கின்றன, வேறு பிரதி கிடையாது. என்ன செய்யலாம்?

முள்ளியவளை வாசகர்:
ரீச்சர், என் தம்பியின் கணினிக்கும் இப்படித்தான் சூடாக்கி மூன்று மாதம் ஓட்டினோம். செலவு குறைவு என்பதால் இன்னொரு தடவை செய்து பார்க்கலாம்.

வவுனியாத் திருத்துநர்:
ரீச்சர், தயவுசெய்து இனிச் சூடாக்க விடாதீர்கள். பலர் நினைப்பதுபோல, சிப்பை மதர்போட்டோடு இணைக்கும் பற்றாசு (சோல்டர்) உருண்டைகள் கழன்றுவிடுவதால்தான் இந்தப் பழுது வருகிறது என்பது பெரும்பாலும் சரியல்ல. சிப்பின் உள்ளே, சிலிக்கன் துண்டுக்கும் அதன் அடித்தட்டுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத அளவில் வேறு பற்றாசுப் புள்ளிகள் இருக்கின்றன. கணினி சூடாகி ஆறும் ஒவ்வொரு தடவையும் இரண்டு பொருட்களும் வேறுவேறு அளவில் விரிந்து சுருங்குவதால், அந்தப் புள்ளிகளில் வெடிப்பு விழுகிறது. 2008 யூலையில் என்விடியா நிறுவனம், தன் சில பழைய சிப்புகளின் பொதியில் இருந்த பலவீனமான பொருட்களுக்காக 150 முதல் 200 மில்லியன் டொலர் ஒதுக்குவதாக அறிவித்ததும் இவ்வகைப் பழுதின் காரணமாகவே. சூடாக்கும்போது வெடித்த இடம் சிறிது காலம் மீண்டும் தொட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். ஈயம் கலவாத உருண்டைகள் உருக ஏறத்தாழ 217 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அந்த அளவை எட்டாமலேயே சில சிப்புகள் உயிர் பெறுகின்றன என்றால், ஒட்டியது உருண்டை அல்ல என்பது தெளிவு.

முதலில் வினாத்தாள்களைக் காப்பாற்றுங்கள். கணினியைத் தொடக்கி, விண்டோஸ் ஏறுமுன் திறக்கும் பயோஸ் அமைப்புத் திரையிலேயே பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். அங்கேயும் சதுரங்கள் வந்தால் விண்டோஸுக்கு இதில் பங்கில்லை. அப்படியானால் வெளி மொனிட்டரையோ தொலைக்காட்சியையோ இணைத்துப் பார்த்து, திரையும் அதன் கேபிளும்தான் காரணமா என்று பிரித்தறியலாம். பயோஸ் சுத்தமாக இருந்தால், விண்டோஸ் குறைந்தபட்ச வசதிகளோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோட்டில் திறந்து பாருங்கள். அங்கே கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஏறுவதில்லை. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரில் திரைக்குரிய பகுதியில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்பதையும் எழுதுங்கள்.

மாங்குளம் ஆசிரியை:
மிக்க நன்றி, அண்ணா. பயோஸ் திரை தெளிவாக நின்றது. சேஃப் மோட்டில் திறந்தது; வினாத்தாள்களை உடனே பென்டிரைவில் எடுத்துவிட்டேன். இரண்டு பெயர்கள் இருக்கின்றன, ஒன்று இன்டெல்.

வவுனியாத் திருத்துநர்:
நல்ல செய்தி. உங்கள் கணினியில் இரண்டு கிராபிக்ஸ் இருக்கின்றன. திரையை இயக்குவது பிரதான செயலிக்குள் உள்ள இன்டெல். மற்றதான தனிச் சிப்பின் டிரைவர் ஏறும் கணத்தில்தான் கணினி விழுகிறது. சேஃப் மோட்டிலேயே அந்தத் தனிச் சிப்பின் பெயரில் வலது சொடுக்கி முடக்கிவிட்டு, வழக்கம்போலத் தொடக்குங்கள். பயோஸில் அதை அணைக்கும் வசதி இருந்தால் அதுவே மேல்.

கூடவே, காற்றாடியைக் கழற்றிச் சுத்தம் செய்விக்க வேண்டும். சென்ற கிழமை நான் திறந்த ஒரு கணினியில், காற்றாடிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே செம்மண் தூசி துணித்துண்டுபோல் படிந்திருந்தது. அதை விரலால் அப்படியே உரித்தெடுக்க முடிந்தது. சிப்பின் மேலிருந்த, வெப்பத்தைக் கடத்தும் பசையோ, கோடையில் வற்றிய குளத்துச் சேறுபோல் வெடித்துக் கிடந்தது. காற்றுப் போகாத கணினியில் எந்தச் சிப்பும் நிலைக்காது.

தனிச் சிப் கட்டாயம் வேண்டும் என்றால், புதிய சிப்பைப் போடுவது ஒன்றே திருத்தம். அதற்கு முன், சிப்புக்குப் பக்கத்துச் சுருளில் மின்னழுத்தம் வருகிறதா என்று மல்டிமீட்டரால் அளக்கும்படி கேளுங்கள். ஒரு சிறு மின்தேக்கி குறுக்குச் சுற்றாகியிருந்தாலும் சிப் இறந்ததுபோலவே தோன்றும். பழைய போட்டில் கழற்றி உருண்டைகளை மட்டும் மாற்றிய சிப்பைப் புதியதென்று விற்பவர்களும் உண்டு. போட் வளையாதிருக்க, கீழிருந்தும் சூடேற்றும் இயந்திரம் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

முள்ளியவளை வாசகர்:
உண்மையில், தம்பியின் கணினி அந்த மூன்று மாதத்தின் பின் எழும்பவேயில்லை. அதையும் நான் எழுதியிருக்க வேண்டும்.

மாங்குளம் ஆசிரியை:
முடக்கிவிட்டேன், அண்ணா. நான்கு நாட்களாக ஒரு தடவையும் கறுக்கவில்லை, வரைபுகளும் சதுரங்கள் இல்லாமல் திறக்கின்றன. ஆனால் பற்றரி முன்னரைவிட விரைவாக இறங்குகிறது.

வவுனியாத் திருத்துநர்:
டிவைஸ் மனேஜரில் முடக்கினாலும் அந்தச் சிப்புக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கலாம். முன்பு தேவையற்ற வேளைகளில் அதை உறங்கவைத்தது டிரைவர்தான். வகுப்பில் பாவிக்கும்போது சார்ஜரைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். விண்டோஸ் தன் புதுப்பிப்பின்போது அந்தச் சிப்பை மீண்டும் இயக்கிவிடக்கூடும் என்பதால், ஒவ்வொரு புதுப்பிப்பின் பின்னும் அது முடங்கியே இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.