தொப்பைக்கும் கிட்னி கல்லுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி:
வயது 44, நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலை. போன வருடம் ஒரு கல் தானாகவே வெளியேறியது, இப்போது இடது பக்கம் 6 மி.மீ.யில் இன்னொன்று என்று ஸ்கேனில் வந்திருக்கிறது, எக்ஸ்ரேயில் மட்டும் ஒன்றுமே தெரியவில்லை. டாக்டர் டேப் எடுத்து வயிற்றைச் சுற்றி அளந்தார், 102 செ.மீ. வெறும் வயிற்றில் சர்க்கரை 112, டிரைகிளிசரைடு 230, பிரஷர் 138/88. "மெட்டபாலிக் சிண்ட்ரோம், கல்லுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம்" என்றார். வெளியே கூட்டம், அதற்கு மேல் கேட்க முடியவில்லை. வீட்டில் தக்காளியை நிறுத்தியாகிவிட்டது, பாலையும் நிறுத்தச் சொல்கிறார்கள். யாராவது விளக்குங்களேன்.

பதில் 1:
நம் ஊர் ஆண்களுக்கு இடுப்பளவு 90 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. ஐந்து அளவுகளில் மூன்று சரியாக இல்லாவிட்டாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்ற பெயர் வந்துவிடும், நீங்கள் சொன்ன நான்குமே கூடுதல்தான். இன்சுலினுக்கு உடம்பு சரியாக இசையாதபோது சிறுநீரகம் அம்மோனியாவைக் குறைவாகவே சுரக்கிறது. அமிலத்தைத் தணிப்பது அதுதான் என்பதால், சிறுநீரின் பிஎச் 5.5க்குக் கீழே போய்விடுகிறது, அந்தப் புளிப்பில் யூரிக் அமிலம் கரையாமல் படிந்து கல்லாகிறது. ரத்தத்தில் யூரிக் அமிலம் சரியாக இருப்பவர்களுக்கும் இது வரும். இந்த வகைக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, அதனால்தான் எனக்குச் சந்தேகம். ஆனால் சின்னக் கல் வாயு மறைத்தும் தெரியாமல் போகலாம், சிடி எடுத்துப் பார்த்துவிடுங்கள். போன வருடக் கல்லை வைத்திருக்கிறீர்களா?

பதில் 2:
எனக்கு வந்தது யூரிக் அமிலக் கல்தான். சிறுநீரின் புளிப்பைக் குறைக்கப் பொட்டாசியம் சிட்ரேட் என்ற மருந்து கொடுத்தார்கள், தினமும் காலையில் முதல் சிறுநீரில் பிஎச் தாளை நனைத்து நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு 6க்கும் 6.5க்கும் நடுவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று மாதத்தில் கல் கரைந்தே போனது, கத்தி வைக்கவில்லை. தயவுசெய்து நீங்களாக வாங்கிக் குடித்துவிடாதீர்கள், கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்த அளவு) கூடுதலாக இருந்தாலோ சில வகை பிரஷர் மாத்திரை எடுத்தாலோ ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும், அது இதயத்துக்கு ஆபத்து.

பதில் 3:
பாலை நிறுத்தாதீர்கள்! சாப்பாட்டோடு போகும் கால்சியம், இன்னொரு வகைக் கல்லுக்குக் காரணமான ஆக்ஸலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும். தக்காளியில் ஆக்ஸலேட் குறைவுதான், பாவம் அதை விட்டுவிடுங்கள். குறைக்க வேண்டியது ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பாக உள்ளே போவதும், ஆட்டுக்கறியும், இனிப்புக் குளிர்பானமும்தான். தண்ணீர் எவ்வளவு குடித்தீர்கள் என்பதைவிட ஒரு நாளில் 2.5 லிட்டர் சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். வாழைத்தண்டுச் சாறு குடிப்பது உங்கள் விருப்பம், அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அப்புறம், வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. அந்தக் கல்லை மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன், இப்போதுதான் திறந்து பார்த்தேன், செங்கல் பொடி நிறத்தில் இருக்கிறது. நாளைக்குக் காலையில் லேபில் கொடுக்கிறேன்.